அன்னத்துக்குத் தலை போட்டவர்

கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியிலிருந்து கோட்டைமேட்டுப் பக்கம் பிரிகிற சந்து ஒன்றில் அப்துல் நாசர் பிரேம் கடை வைத்திருந்தார். சாமி படம், செத்துப்போனவர் படம், கல்யாணப் படம், பையன் பட்டம் வாங்கின படம் என்று சட்டத்துக்குள் அடங்குகிற எதையும் அடக்கிக் கொடுப்பார். ஐம்பத்திரண்டு வயது. நல்ல உயரம், மரம் அறுத்து அறுத்து உரமேறிய தோள், கண்ணாடி கீறிய தழும்புகள் நிறைந்த விரல்கள். இந்த மனிதர் பதினாறு வருஷமாக ஊர் வீட்டு அன்னப்பறவைகளுக்கெல்லாம் தலை தைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவருடைய டீக்கடைச் சிநேகிதர்களும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்பியிருந்தால் இன்னும் மோசம், சாகிற வரைக்கும் விட்டிருக்க மாட்டார்கள். அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிற வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் உட்கார்கிற இடத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு கைவேலை தொங்கியாக வேண்டும். பஜ்ஜி தட்டு வந்ததும் பெண்ணின் அம்மா தற்செயலாகத் திரும்புவதுபோலத் திரும்பி, “அது சும்மாங்க, லீவுல பொழுது போகாம இவ போட்டது” என்பாள். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் குறுக்குத் தையலில் போட்ட ஒரு ஜோடி அன்னம். பின்னால் குளம், முன்னால் தாமரை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்ப் பார்த்து, “பொறுமையான கை” என்று சொல்லிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

இதில் ஒரே ஒரு சங்கடம். யாரும் முடிப்பதில்லை. கோடை லீவில் தொடங்குவார்கள். தாமரையில் நாலு வண்ணம் இருப்பதால் உற்சாகமாகப் போகும். அப்புறம் தண்ணீர். அப்புறம் வெள்ளை உடம்பு. வெள்ளை, மறுபடியும் வெள்ளை, இன்னும் வெள்ளை. கழுத்துக்கு வரும்போது காலேஜ் திறந்துவிடும். துணியைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டுவிட்டு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்விடுவார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, “ஞாயித்துக்கெழமை வாரோமுங்க” என்று தகவல் வரும்போது அம்மாக்காரி பீரோவைத் திறப்பாள். இரண்டு அன்னங்கள், கழுத்தோடு சரி. மாட்டினால் கோழிக்கடை ஞாபகம்தான் வரும்.

பாதியில் நின்ற மற்ற கைவேலைகளுக்கு நாசரிடம் வழி இருந்தது. விட்டுப்போன இடத்தை மறைக்கிற மாதிரி அட்டையை வெட்டி வைத்து, அதன்மேல் சட்டம் போட்டுவிடுவார். தாஜ்மகாலுக்கு மூன்று தூண்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிற வீடுகள் பீளமேட்டில் உண்டு. ஆனால் அன்னத்தின் தலை படத்துக்கு நட்டநடுவில் அல்லவா வருகிறது? அங்கே எப்படி அட்டையை ஒட்டுவது?

1979இல் முதல் தடவை ஒரு அம்மா கடையில் நின்று அழுதே விட்டார். “வெச்சுட்டுப் போங்கம்மா, பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, மத்தியானத் தொழுகை முடிந்து சாப்பிட்டு வந்ததும், தடுப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து நாசர் ஊசியை எடுத்தார். துணியைப் பலகையில் இழுத்துக் கட்டுவதற்காகக் கடையில் ஊசி எப்போதும் உண்டு. எப்படிப் போடுவது என்று யாரைக் கேட்பார்? துணியைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறவர், ஆகவே பின்பக்கத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார். நாலு மணிக்கு இரண்டு தலையும் இரண்டு அலகும் முடிந்திருந்தன. கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்ததும் அன்னம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அன்று பிடித்ததுதான். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பாய் கண் அயர்கிறார் என்றே சந்து நம்பியது. கல்லாவில் அவர் மனைவி ரம்ஜான் பீவி உட்கார்ந்திருப்பார். ஆள் வந்தால் இருமுவார். உடனே அன்னம் ஒரு சாமி படத்துக்கு அடியில் போய்விடும். சூலூரிலிருந்து வந்தார்கள், கோபிசெட்டிபாளையத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். எந்த அம்மாவும் யார் போட்டது என்று கேட்டதில்லை. யாரோ ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுக்கிறாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று மட்டும் நாசர் ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் முடித்திருப்பார். அவராகத் தொடங்கியது ஒன்றுகூட இல்லை.

ஆனால் மனுஷன்தானே. யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அந்தத் தலையைப் பார்த்து “இது யார் கை?” என்று கேட்க மாட்டாரா என்று அவருக்கு ஏக்கம் இருந்தது. ரம்ஜான் பீவியிடம் காட்டினால், “இது வாத்துதானே?” என்பார்.

1995 ஆனியில் சிங்காநல்லூர் மாரியாத்தாள் வந்தார். புருஷன் மில்லில் சூப்பர்வைசர். பெண் சாந்தாமணிக்கு வயது இருபத்தாறு, பி.காம். படிப்பு. ஐந்து இடம் வந்து, பஜ்ஜி தின்று, “சொல்லி அனுப்பறோம்” என்று போய்விட்டது. ஆறாவதாக உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் மண்டிக்காரர்கள் வருகிறார்கள். இந்தத் தடவையாவது சுவரில் ஒன்று தொங்கட்டும் என்று, எல்லோரையும் போலத் தலையில்லாத அன்னத்தை எடுத்து வந்திருந்தார். பழையபடி நாசர் வாங்கி வைத்தார், சனிக்கிழமை சட்டத்தோடு கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அம்மாவும் பெண்ணும் வாசலில் நின்றார்கள்.

“ஏனுங்க பாய், மோசம் போயிட்டமுங்க,” என்று மாரியாத்தாள் முக்காலியில் உட்கார்ந்தார். “மாப்பிள்ளையோட அம்மா, பாப்பாயின்னு பேரு. வந்ததும் காப்பியக்கூடத் தொடலீங்க. நேராச் செவுத்துக்குப் போயி, சேர் மேல ஏறி நின்னுட்டு, ‘உடம்புத் தையல் கெழக்கே சாஞ்சிருக்குது, தலைத் தையல் மேக்கே சாஞ்சிருக்குது. இது ரெண்டு ஆளு கை’ங்குது!”

நாசருக்கு விஷயம் உடனே புரிந்தது. குறுக்குத் தையலில் இரண்டு இழை ஒன்றன்மேல் ஒன்று விழும். மேல் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர்களின் சட்டம். பெண்களுடைய மேல் இழை ஒரு பக்கம் சாயும். பின்பக்கத்தைப் பார்த்துக் கற்ற நாசருடைய இழை எதிர்ப்பக்கம் சாயும். டியூப்லைட் வெளிச்சத்தில் உடம்பு ஒரு விதமாகவும் தலை ஒரு விதமாகவும் மினுங்கும். பதினாறு வருஷமாக ஒரு ஜீவனும் இதைக் கவனித்ததில்லை, அவர் உட்பட.

“அதோட உட்டுதுங்களா? ‘ஏழு ஊடு பாத்துப்போட்டேன். ஏழு ஊட்லயும் உடம்பு வேற வேற, தலை மட்டும் ஒரே ஆளு’ன்னு சொல்லிப்போட்டு, பிரேமைக் கழட்டித் திருப்பி, பின்னாடி நீங்க ஒட்டியிருக்கற கடைச் சீட்டைப் படிச்சுதுங்க. உங்க கடைக்குத்தான் வரும் பாருங்க.”

சாந்தாமணி இதுவரை கடையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் முழுசாகப் பார்க்கவில்லை.

“அம்மணி, உனக்கு அந்த மாப்பிள்ளையப் புடிச்சிருக்குதா?” என்று நாசர் கேட்டார்.

“சென்னகேசவன்னு பேருங்க,” என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். “ஏழு ஊட்ல பஜ்ஜி தின்னு வயிறு கெட்டுப்போச்சாம். வேண்டாம்னு சொன்னா அவங்கம்மா திட்டுமாம். எங்கிட்ட மெதுவாச் சொன்னாருங்க. நான் தட்டை வாங்கி அத்தனையும் தின்னுபோட்டேன். பாவமா இருந்துச்சு. புடிச்சிருக்குதுங்க பாய். நெம்பப் புடிச்சிருக்குது.”

இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் ஒரு பெண் சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது?

பாப்பாயி மறுநாளே வந்தார். பச்சைச் சேலை, பெரிய மூக்குத்தி, கையில் துணிப்பை. மத்தியானம் மூன்று மணிக்கு வந்ததால் ரம்ஜான் பீவி இருமினார். நாசர் அவசரமாக வெளியே வந்தார், சட்டைப் பொத்தானில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது.

“ஏனுங்க பாய், நான் உடுமலைப்பேட்டைங்க. ஒரு ஆளைத் தேடி வந்திருக்கறேன்,” என்று பாப்பாயி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்ககிட்ட பிரேமுக்கு வார அன்னத்துக்கெல்லாம் தலை போடறது ஆருங்க?”

நாசர் கண்ணாடி வெட்டும் கருவியை எடுத்தார், வைத்தார்.

“என்னத்துக்குங்க கேக்கறீங்க?”

“அந்தக் கையாட்ட ஒரு கைய நான் பாத்ததில்லீங்க. நான் மிஷன் பள்ளிக்கூடத்துல தையல் படிச்சவ. மேல் இழை மாறினா டீச்சரம்மா ஸ்கேல்ல வெரல் மொழியிலயே போடும். இந்தக் கை சட்டத்துக்கு நேர் விரோதமாப் போவுது. ஆனா ஒரு இழை தப்பலீங்க. அலகு வளையற எடத்துல பாதித் தையல் போட்டு வளைச்சிருக்குது பாருங்க, அது படிச்சு வாரதில்லீங்க, பொறப்புல வரோணும். சூலூர்ல ஒரு தலையப் பாத்துட்டு அன்னைக்குப் பூரா எனக்கு அதே நெனப்பு.”

தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நாசர் நின்றார். பதினாறு வருஷம் காத்திருந்த கேள்வி முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது. நான்தானம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“எம்பட ஊட்ல எதுவும் முடிஞ்சதில்லீங்க பாய்,” என்று பாப்பாயி பேசிக்கொண்டே போனார். “எங்க ஊட்டுக்காரர் மாட்டுச்சாளைக்கு மூணு செவுரு எழுப்பிப்போட்டு நாலாவதை உட்டுட்டாரு. கெணறு நாப்பதடியில நிக்குது. பையன் பி.எஸ்சி.ல ரெண்டு பேப்பரை உட்டவன் அப்படியே உட்டான். தொடங்கறதுக்கு ஆளு தடுக்கி உழுந்தா இருக்குது. முடிக்கறதுக்கு ஒருத்தர் வேணுமுங்க. ஊர்ல இருக்கறவளுக போட்டு உட்டதையெல்லாம் உக்காந்து முடிச்சுக் குடுக்கறா பாருங்க, அந்தப் புள்ளைய எம்பையனுக்குக் கட்டிபோடோணும். சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். ஊட்டைக் காட்டுங்க, போதும்.”

நாசர் அந்த நிமிஷத்தில் மூன்று வழிகளை எடை போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், நூறு வீட்டு மருமகள்களின் பேர் கெடும். தெரியாது என்றால், இந்த அம்மாள் வீடு வீடாகப் போய் சேர் மேல் ஏறுவார். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இந்தப் பேர் தனக்கு என்றைக்கும் வராது. சாந்தாமணி பஜ்ஜியைப் பற்றிச் சொல்லிச் சிரித்த சிரிப்பு கண்முன் வந்தது.

“அந்தப் பொண்ணை நீங்க பாத்துட்டீங்களேம்மா,” என்றார். “சிங்காநல்லூர் சாந்தாமணிதானுங்க.”

பாப்பாயி எழுந்தே விட்டார். “அப்ப அந்த ஊட்ல உடம்பு வேற கையா இருந்துச்சே?”

“அது ஆரோ சொந்தக்காரப் புள்ளை போட்டதுங்க. சாந்தாமணி தலை மட்டுந்தானுங்க போடும். உடம்பு போடற வழக்கமில்லீங்க.” தான் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே புரியவில்லை. “எல்லா ஊட்டுக்கும் அதுதானுங்க. வெளிய சொல்லாது. கூச்ச சுபாவம்.”

பாப்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. “இருந்தாலும் எங்கண்ணு முன்னால ஒருக்கா போடச் சொல்லிப் பாத்துபோடறனுங்க. நாளைக்குக் காத்தால போறேன். என்ற தங்கச்சி மக உட்டுப்போட்ட ஜோடி ஒண்ணு பையிலயே இருக்குது.”

அவர் போனதும் ரம்ஜான் பீவி கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

“உங்க கையைத் தூக்கி ஊரான் பொண்ணுக்குக் குடுத்துபோட்டு நிக்கறீங்களே,” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அன்னத்தை வாத்து என்று சொல்கிற ரம்ஜான் பீவிக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நாசர் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஏறினார். நாளைக் காலையில் அந்தப் பெண்ணின் இழை எதிர்ப்பக்கம் சாய்ந்தாக வேண்டும். பஸ்ஸில் போகும்போது கைக்குட்டையைத் திருப்பித் திருப்பி யோசித்து, உப்பிலிபாளையம் தாண்டும்போது வழியைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போனார்.

“அம்மணி, நீ எப்பவும் போடற மாதிரியே போடு,” என்று சாந்தாமணியிடம் சொன்னார். “துணியை மட்டும் பக்கவாட்டுல படுக்கப் போட்டுக்க. அப்புறம் நிமித்திப் பாத்தா என்ற கையாட்டவே சாயும்.”

சாந்தாமணி அவரையே பார்த்தாள். “அத்தனை தலையும் நீங்களா போட்டீங்க பாய்?”

“ஆமாங் கண்ணு.”

“அதை ஏனுங்க நான் போட்டதுன்னு சொல்லோணும்? நான் ஒண்ணுமே முடிச்சதில்லீங்களே. பொய்யா ஒரு பேரை வாங்கிட்டு அந்த ஊட்டுக்குப் போறதா?”

“பஜ்ஜிக்காரரை வேண்டாம்னு சொல்லீடட்டுமா?”

அவள் உள்ளே போய் ஊசி எடுத்து வந்தாள்.

புதன்கிழமை நடந்ததை மாரியாத்தாள் பின்னால் வந்து சொன்னார். பாப்பாயி எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாராம். சாந்தாமணி துணியைப் படுக்கப் போட்டாளாம். “ஏங் கண்ணு, படுக்கப் போட்டுத் தெக்கறே?” என்று கேட்டதற்கு, “தலைன்னா படுக்க வெச்சுத்தானுங்க போடோணும்” என்றாளாம், கொஞ்சமும் அசராமல். பன்னிரண்டு கட்டம் போட்டாள். பாப்பாயி துணியை நிமிர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மேற்கே சாய்ந்திருந்தது. பதின்மூன்றாவது கட்டத்தில் சாந்தாமணிக்கு வழக்கம்போல அலுத்துவிட்டது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, “மீதிய இன்னொரு நாளைக்குப் போடறனுங்க அத்தை” என்று எழுந்துவிட்டாள். மாரியாத்தாளுக்கு உயிரே போய்விட்டது. பாப்பாயியோ, “ஆமா கண்ணு, அவசரப்பட்டுப் போடற வேலையா இது” என்று சொல்லி, அங்கேயே பூ வைத்துவிட்டார். அந்தத் துணி வியாழக்கிழமை நாசரின் தடுப்புப் பலகைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு கட்டம் போக மீதி முழுக்க அவர் போட்டார்.

ஆவணியில் கல்யாணம். கார்த்திகையில், அந்த ஜோடியைச் சட்டம் போட்டு நீங்களே கொண்டுவந்து மாட்டித் தர வேண்டும் என்று பாப்பாயி கடிதம் போட்டார். நாசரும் ரம்ஜான் பீவியும் பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை போனார்கள். வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஆளுக்கொரு சுருட்டிய துணி வைத்திருந்தார்கள். மருமகள் தலை போடுவாள் என்று பாப்பாயி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சாந்தாமணி அடுக்களை வாசலில் நின்று நாசரைப் பார்த்தாள். பதினொரு ஜோடி என்று கையால் காட்டினாள்.

நாசர் ஆணி அடித்து, படத்தை மாட்டிவிட்டு இறங்கினார். பாப்பாயி அவரைப் படத்துக்கு எதிரிலேயே நிறுத்திக்கொண்டார்.

“கிட்ட வந்து பாருங்க பாய். நீங்க பாட்டுக்கு பிரேம் அடிக்கறீங்க, உள்ள இருக்கறதை எங்க பாத்தீங்க? இந்த அலகு வளையுது பாருங்க. இந்தக் கண்ணு நம்மளையே பாக்குது பாருங்க. எம்பட மருமக கை!”

நாசர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தான் போட்ட தலையின் முன்னால் நின்றுகொண்டு அதை ஒருவர் புகழ்ந்து கேட்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. நல்ல வேலைதான் என்று அவருக்கே தோன்றியது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் செய்தது.

“அத்தை, அது நான் போட்டதில்லீங்க,” என்று அடுக்களை வாசலிலிருந்து சாந்தாமணி உரக்கச் சொன்னாள். “எல்லாத் தலையும் பாய் போட்டதுங்க.”

இருபது பேரும் சிரித்தார்கள். சென்னகேசவன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “பாத்தீங்களா அடக்கத்தை!” என்று பாப்பாயி மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். “பேரை எடுத்து பிரேம்காரருக்குக் குடுக்குது பாருங்க! ஏனுங்க பாய், நீங்களா போட்டீங்க?”

ரம்ஜான் பீவி அவருடைய முழங்கையைத் தொட்டார்.

“ஆமாங்க,” என்றார் நாசர். “நாந்தானுங்க போட்டேன்.”

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஒரு பெரியவருக்குப் புரை ஏறி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. தழும்பு விழுந்த அந்தப் பெரிய கைகளைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாசரும் கூடச் சிரித்தார். சொல்லியாகிவிட்டது, இருபது பேர் முன்னால், வாய்விட்டு. இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்கு மனசு லேசானது.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ரம்ஜான் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பந்தியில் முதல் ஆளாக நாசரை உட்கார வைத்தாள்.